வாத்துக்கு நல்ல நாள், படகுக்குக் கெட்ட நாள்

1940 நவம்பர் 11, திங்கட்கிழமை. முதல் உலகப் போர் முடிந்ததை நினைவுகூரும் விடுமுறை நாள். அமெரிக்காவில் மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவே ஓடும் மிசிசிப்பி ஆற்றில், வாத்து வேட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் படகு இறக்கினார்கள். நவம்பர் மாதத்துக்கு அது அதிசயமான காலை. வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. கனத்த கோட்டைப் பலர் வீட்டிலேயே விட்டுவிட்டு, மெல்லிய மேலுடையோடு சின்னப் படகுகளில் ஏறி, ஆற்றின் நடுவே இருக்கும் தாழ்வான தீவுகளுக்கும் புதர்த் திட்டுகளுக்கும் போய்ப் பதுங்கினார்கள்.

பகலில் காற்று திசை மாறி வடமேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது. முதலில் மழை, அப்புறம் பனிக்கட்டித் தூறல், அப்புறம் கண்ணை மறைக்கும் பனிப்புயல். காற்றின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டது. புயல் துரத்திக்கொண்டு வர, வாத்துகள் ஆயிரக்கணக்கில் தாழப் பறந்து வந்தன. அப்படி ஒரு வாத்து வரத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று தப்பிப் பிழைத்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அந்த வரத்துதான் பலரைக் கரை திரும்ப விடாமல் பிடித்து வைத்தது. ‘இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம்’ என்று இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது, ஆற்றில் ஆளுயரத்துக்கு அலை. சிலர் படகை எடுத்துக் கவிழ்ந்தார்கள். சிலர் தீவிலேயே தங்கி, நனைந்த உடையோடு இரவு முழுக்க விறைத்தார்கள். அன்றிரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியையும் தாண்டி இறங்கியது.

அந்தப் புயலில் மத்திய மேற்கு மாநிலங்களில் மொத்தம் சுமார் 150 பேர் இறந்தார்கள். மினசோட்டாவில் மட்டும் 49 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். மறுநாள் வினோனா ஊரைச் சேர்ந்த விமானி மாக்ஸ் கான்ராட், அடங்காத காற்றில் தன் சிறிய பைப்பர் கப் விமானத்தை எடுத்துக்கொண்டு ஆற்றின் மேல் பறந்து, உயிரோடு இருந்தவர்களைத் தேடினார். உணவும் தீப்பெட்டியும் அடைத்த தகர டப்பாக்களை மேலிருந்து போட்டார். மீட்புப் படகுகளுக்கு வழி காட்டினார். மினசோட்டாவுக்கான வானிலை முன்னறிவிப்பு அந்தக் காலத்தில் சிகாகோவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த முறை மாறியதற்கு இந்தப் புயலும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் கைபேசி இல்லை, ராடார் படம் இல்லை, அதனால் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் என்னை உறுத்துவது வேறு. அவர்களைப் பிடித்து வைத்த அந்த ஆசை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. தெளிந்த வானமும் அசையாத தண்ணீரும் உள்ள நாளில் வாத்து பெரும்பாலும் ஏரி நடுவில் சொகுசாக மிதந்துகொண்டிருக்கும், கரைப்பக்கம் எட்டிப் பார்க்காது. காற்று அடித்து, மேகம் தாழ்ந்து, குளிர் இறங்கும்போதுதான் அது கிளம்பி ஒதுக்கிடம் தேடி அலையும். வேட்டைக்காரர் காத்திருப்பதும் அதற்குத்தான். மீன் பிடிக்கப் போகிறவரோ, சும்மா உலாப் போகிறவரோ காற்றைப் பார்த்தால் படகைக் கட்டிவிட்டு வீடு திரும்புவார். வாத்து வேட்டைக்காரர் அந்த நேரத்தில்தான் படகை அவிழ்க்கிறார்.

துப்பாக்கியோடு போகிற வேலை என்பதால், ஆபத்தும் துப்பாக்கியில்தான் இருக்கிறது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். வேட்டைக்காரர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது, விசை பூட்டியிருக்கிறதா என்பதில் அவர்கள் காட்டும் கவனம் உண்மையில் மெச்சத்தக்கது. ஆனால் ‘நான் வேட்டைக்காரன்’ என்று நினைக்கும் அளவுக்கு ‘நான் படகோட்டி’ என்று அவர்கள் தங்களை நினைப்பதில்லை. படகு அவர்களுக்கு மறைவிடத்துக்குக் கொண்டுபோய்விடும் வண்டி, அவ்வளவுதான்.

அந்த வண்டி எப்படிப்பட்டது? பெரும்பாலும் அலுமினியத்தில் செய்த, நாலைந்து மீட்டர் நீளமுள்ள தட்டையான அடிப்பாகம் கொண்ட படகு. நாணல் மண்டிய, முழங்கால் அளவு தண்ணீரிலும் போகும். அசையாத தண்ணீரில் அதைப் போல நிலையான படகு இல்லை. அதன் பக்கச் சுவர்தான் தாழ்வு. அதற்குள் இரண்டு மூன்று பேர், ஒரு நாய், தோட்டாப் பெட்டிகள், பாட்டரி, பெட்ரோல் டாங்க், அப்புறம் மூட்டை மூட்டையாகப் பொம்மை வாத்துகள். பறக்கும் வாத்தை ஏமாற்றி இறக்குவதற்காகத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மைகள் இவை. இப்படித் தன் இனத்தை இழுப்பதற்காகப் பழக்கி வைத்த மிருகத்தையும் பறவையையும் பழந்தமிழில் ‘பார்வை’ என்பார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஓர் ஈயக் குண்டு. நாலு டஜன் பொம்மை என்றால் நாற்பத்தெட்டு குண்டு, காலில் சுற்றிக்கொள்ள நாற்பத்தெட்டு கயிறு. இவ்வளவையும் ஏற்றியபின் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் மிஞ்சினால் அதிகம்.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகளில் ஒரு சின்னத் தகடு பதித்திருப்பார்கள். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று அதில் இருக்கும். ஆட்களை எண்ணுகிறவர்கள் எடையைக் கூட்டிப் பார்ப்பதில்லை. அதுவும் அந்தக் கணக்கு அசையாத தண்ணீருக்கானது. அலையில் அதே எடை ஆகாது.

விளிம்பைத் தாண்டி ஓர் அலை உள்ளே விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத் தரை என்று வையுங்கள். அதில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 200 லிட்டர், அதாவது 200 கிலோ. பூட்ஸ் காலுக்குக் கணுக்கால்கூட நனையாத தண்ணீர் அது. ஆனால் கூப்பிடாமல் வந்து ஏறிய இரண்டரை ஆளுக்குச் சமம். ஏறிய ஆளாவது சொன்னால் ஓர் இடத்தில் உட்காருவார், தண்ணீர் உட்காராது. படகு இடதுபுறம் சாய்ந்தால் மொத்தமும் இடதுபுறம் ஓடும், அந்தச் சாய்வை இன்னும் அழுத்தும். தட்டைத் தரையில் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. தாழ்ந்த பக்கத்து விளிம்பு வழியாக அடுத்த அலை முதல் அலையைவிட எளிதாக உள்ளே வரும். படகு மெதுவாக நிரம்பி மூழ்கும், இறைத்துக் கொட்ட நேரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். முதல் அலைக்கும் கவிழ்வதற்கும் நடுவே சில விநாடிகள்தான் இருக்கும்.

நங்கூரம் போடுவதிலும் இதே சங்கதி. மோட்டார் மாட்டுவதற்காகப் பின்சுவரைத் தாழ்வாக வெட்டியிருப்பார்கள். மோட்டாரும் பாட்டரியும் டாங்கும் அங்கேதான் இருக்கும், ஓட்டுபவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். கைக்கு எட்டுகிறதே என்று அந்தப் பக்கத்திலேயே நங்கூரக் கயிற்றைக் கட்டினால், இருப்பதிலேயே தாழ்வான சுவரை அலைக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக் கொடுத்த மாதிரி. கயிற்றை அணியத்தில், அதாவது முன்முனையில், கட்ட வேண்டும். படகு தானாகவே காற்றை எதிர்த்து முகம் திருப்பிக்கொள்ளும்.

ஆட்கள் அசைவதும் கணக்கில் சேரும். வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் வரும்போது இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே பக்கம் சுடுகிறார்கள். எடை முழுக்க ஒரு பக்கம், உயரத்தில் வேறு. அதோடு துப்பாக்கியின் பின்னுதை. அந்த நொடியில் நாயும் பாய்ந்தால் படகு கவிழ வேறு காரணம் தேவையில்லை. ஓடும் படகில் தோட்டா போட்ட துப்பாக்கி இருக்கவே கூடாது. உட்கார்ந்தபடி, ஆளுக்கு ஒரு பக்கம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு சுடுவதுதான் முறை.

இனி நேரம். அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு சுட ஆரம்பிக்கலாம். அந்த முதல் அரை மணிக்குத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். அதற்குள் இடம் பிடித்து, பொம்மைகளை மிதக்கவிட்டு, மறைவு கட்டி முடிக்க வேண்டும் என்றால் கும்மிருட்டில் கிளம்பியாக வேண்டும். பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை, தண்ணீருக்கு ஓர் அங்குலம் கீழே மறைந்திருக்கும் மணல் திட்டு, அதே இடத்தைக் குறிவைத்து விரையும் இன்னொரு படகு, இவற்றில் எதுவும் அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் சிவப்பும் பச்சையும், எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றும் எரிய வேண்டும் என்பது சட்டம். நெற்றி விளக்கு இருக்கிறதே என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். எதிரில் வருபவருக்கு நெற்றி விளக்கைப் பார்த்து நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்று தெரியாது.

இன்னொரு விதி பறவைக்காக வந்தது, ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சுட்டு விழுந்த வாத்தை எடுக்க உரிய முயற்சி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நியாயமான விதி. ஆனால் அடிபட்ட வாத்து எப்போதும் நாணல் பக்கமே விழாது, திறந்த நீரை நோக்கி நீந்துவதும் உண்டு. காற்று மறைவில் பத்திரமாக இருந்த படகு, ஒரே ஒரு வாத்தைத் துரத்திக்கொண்டு அலை மேயும் இடத்துக்குப் போய்விடும். இந்த இடத்தில் என் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். எடுத்து வர முடியாத இடத்தில் விழும் என்று தெரிந்தால் அந்த வாத்தைச் சுடவே கூடாது.

சரி, தண்ணீரில் விழுந்தாயிற்று. உடம்புக்கு என்ன நடக்கிறது?

குளிரில் உடம்பு மெல்ல மெல்ல விறைத்து ஒரு மணி நேரம் கழித்து உயிர் போகும் என்றுதான் பொதுவாக நம்புகிறார்கள். அதற்குள் நீந்திவிடலாம் என்ற தைரியமும் அந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட், பல முறை பனிநீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று இதை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சுக்கானது. குளிர்நீர் தோலில் பட்டதும், கேட்காமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கப்படும். பேய் அறைந்தவர் போல வாய் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்று இல்லை, தண்ணீர். அதன்பின் மூச்சு பல மடங்கு வேகமாக அடிக்கும், இதயம் தறிகெட்டு ஓடும். அசையாத நேரத்தில் ஒரு நிமிடம் மூச்சடக்கத் தெரிந்தவருக்கும் அப்போது சில விநாடிகூட அடக்க வராது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கிப் போவதற்கு இதுதான் காரணம்.

அடுத்த பத்து நிமிடம் கை கால்களுக்கானது. உடம்பு உள்ளுறுப்புகளைக் காக்க ரத்தத்தை உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். கை கால்களில் நரம்பும் தசையும் குளிர்ந்து, முதலில் விரல்கள் சொன்னதைக் கேட்காமல் போகும். அந்த விரல்களால் லைஃப் ஜாக்கெட் மாட்டுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜாக்கெட் காற்றில் விலகி விலகிப் போகிறது. எட்டிப் பிடித்து ஒரு கையை நுழைத்தால், ஊறிக் கனத்த கோட்டுக் கை பாதியில் சிக்கிக்கொள்கிறது. மறு கையை நுழைப்பதற்குள் முகத்தில் அலை அடிக்கிறது. கொக்கி விரலில் படுகிறது என்று கண் சொல்கிறது, விரலுக்குத் தெரியவில்லை. தேவைப்பட்டால் மாட்டிக்கொள்ளலாம் என்று படகில் போட்டு வைத்த ஜாக்கெட்டின் கதை இதுதான்.

மூன்றாவதான ஒரு மணி நேரம்தான் நாம் எல்லோரும் பயப்படுகிற விறைப்புக்கானது. உறைநிலையை ஒட்டிய தண்ணீரிலும் நினைவு தப்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். ஆனால் அந்தக் கட்டத்தை அடைய முதல் இரண்டு கட்டங்களையும் தாண்டியிருக்க வேண்டும். தாண்ட வைப்பது தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள்தான். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. ஆளுக்கு ஒன்று படகில் இருக்க வேண்டும் என்பதுதான் மத்திய அரசின் விதி. பெரியவர்கள் அணிந்தே ஆக வேண்டும் என்று பொதுவாக இல்லை. அதனால் அது பொம்மை மூட்டைக்கு அடியில் கிடக்கிறது. பென்சில்வேனியாவும் நியூயார்க்கும் இந்த ஓட்டையைக் குளிர்காலத்துக்கு மட்டுமாவது அடைத்திருக்கின்றன. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை சிறிய படகில் போகிறவர்கள் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும். மற்ற பல மாநிலங்கள் ஏன் இன்னும் தயங்குகின்றன என்று எனக்குப் புரியவில்லை.

தடித்த ஜாக்கெட் போட்டால் துப்பாக்கிக் கட்டை தோளில் சரியாக உட்காராது என்பது வேட்டைக்காரர்களின் புகார். அதில் உண்மை இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது தேவைப்படும்போது மட்டும் வாயு நிரம்பி உப்புகிற வகை வந்துவிட்டது, மிதவைப் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டும் இருக்கிறது. நாணல் நிறத்திலேயே கிடைக்கிறது. உப்புகிற வகையை எல்லா உடைக்கும் மேலேதான் போட வேண்டும். கோட்டுக்கு அடியில் போட்டால் உப்பும்போது நெஞ்சை நெரிக்கும். கயிறு இழுத்தால் உப்புகிறதைவிடத் தண்ணீர் பட்டதும் தானே உப்புகிறதை வாங்குவது நல்லது. காரணத்தை மேலே விரல்களே சொல்லிவிட்டன. வாயுக் குப்பி தீர்ந்துவிட்டதா என்று வேட்டைக்காலம் தொடங்கும் முன் பார்க்க வேண்டும்.

மார்பு வரை வரும் ரப்பர் காலுடையைப் பற்றி ஒரு பயம் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. அதற்குள் தண்ணீர் நிரம்பினால் கல்லைக் கட்டிப் போட்டது போல ஆளை அடிக்கு இழுத்துவிடும் என்று. அது தவறு. கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். நிரம்பிய வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை கனமே தெரியாது, நீர் மட்டத்தை விட்டு மேலே வரும்போதுதான் கயிறு கையை அறுக்கும். காலுடையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆளைக் கீழே இழுக்காது. உடை விறைப்பாக இருப்பதால் காலை உதைத்து நீந்த விடாது என்பதும், படகிலோ கரையிலோ ஏறும்போது உள்ளே இருப்பது மொத்தமும் கனமாகத் தொங்கும் என்பதும் நிஜம். தப்பான பயத்தால் வரும் கேடு என்னவென்றால், விழுந்தவர் பதறிப்போய் அதைக் கழற்றப் பார்த்து, கால் பாதியில் மாட்டிக்கொண்டு தலைகீழாகிறார். கழற்ற வேண்டாம். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தால் கால் பக்கம் காற்று கொஞ்சம் தங்கியிருக்கும். முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால் அந்தக் காற்றும் மிதக்க உதவும்.

கவிழ்ந்த படகை விட்டுப் போகக் கூடாது. அமெரிக்காவில் சிறிய மோட்டார் படகுகள் தண்ணீர் நிரம்பினாலும் மிதக்கும்படி கட்டப்படுகின்றன. அதன் முதுகில் உடம்பை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்ற வேண்டும். காற்றில் நனைந்து கிடப்பது அதிகம் குளிர்வதாகத் தோன்றும். ஆனால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சுகிறது. கரை கூப்பிடு தூரத்தில் இருப்பது போலத் தெரியும், அந்தத் தூரம் ஏமாற்றும். மிதக்கும் பொம்மைகளையும் போகவிடுங்கள், துப்பாக்கி மூழ்கினால் மூழ்கட்டும். மோட்டார் நிறுத்தும் கயிறு பொருத்தியிருக்கும் 26 அடிக்குக் குறைவான படகுகளில், வேகமாக ஓடும்போது ஓட்டுபவர் அதைத் தன்னோடு கோத்திருப்பது 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் கட்டாயம். ஓட்டுபவர் விழுந்ததும் மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துக்கொண்டு விசிறியோடு அவர் மீதே திரும்பி வரும்.

மீட்கப்பட்டவரைப் படுத்த நிலையில் வைத்து, அலுங்காமல் தூக்க வேண்டும். நிற்க வைத்து நடக்கச் சொன்னதில் இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. கை காலைத் தேய்க்கக் கூடாது, சூடு ஏறட்டும் என்று மது கொடுக்கக் கூடாது. ஈர உடையை மாற்றி, கம்பளியால் போர்த்தி, மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டிய வானிலை, போகும் நேரத்துக்கானது அல்ல, திரும்பும் நேரத்துக்கானது. விடியலில் காற்று பெரும்பாலும் அடங்கியே இருக்கும், பத்து பதினோரு மணிக்குத்தான் எழும்பும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காகும். பரந்து கிடக்கும் ஆழமில்லாத ஏரிகளில் அலை சீக்கிரமே செங்குத்தாக, அடுத்தடுத்து நெருக்கமாக எழும்பும், தட்டைப் படகுக்கு அதுதான் எமன். போகும்போது காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போய் விட்டிருந்தால், திரும்பும்போது அதே தூரத்தை முகத்தில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். காற்று எழும்பிவிட்டது, நடுவே திறந்த நீர் இருக்கிறது என்றால் இருக்கும் திட்டிலேயே தங்குவது மேல். அதற்குத்தான் நீர் புகாத பையில் மாற்று உடையும் தீப்பெட்டியும். கைபேசியும் ஊதலும் அந்தப் பையில் இருக்கக் கூடாது, உடம்பிலேயே இருக்க வேண்டும். படகு கவிழும்போது பை ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார்.

அப்புறம் வீட்டில் ஒரு தாள். எந்த இடத்தில் படகு இறக்குகிறோம், எந்தத் திட்டில் இருப்போம், அங்கே காற்று சரிப்படாவிட்டால் வேறு எங்கே போவோம், கூட யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வீட்டில் இருப்போம் என்று அதில் எழுதி வைக்க வேண்டும். அந்த நேரம் தாண்டியும் தகவல் வராவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற எண்ணும் அதே தாளில், எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.